கவர்னர் துரை குதிரையை இழுக்க மறந்த கதை

நீளம் 225 மில்லிமீட்டர், உயரம் 150, அகலம் 45. இப்படி ஒரு பெட்டி. மேகஸின் மாட்டிய உங்கள் கைத்துப்பாக்கி இதற்குள் அடங்கினால் நீங்கள் ‘ஸ்டாண்டர்டு டிவிஷன்’ ஆசாமி. அடங்கவில்லையா? மேலே சிவப்புப் புள்ளி சைட், முனையில் காம்பன்சேட்டர் என்று நகைநட்டெல்லாம் பூட்டிக்கொண்டு ‘ஓப்பன் டிவிஷன்’ பக்கம் போய்விடுங்கள். உங்கள் திறமை என்ன, பயிற்சி என்ன என்பதெல்லாம் அப்புறம். முதலில் பெட்டி.

இந்த விளையாட்டுக்குப் பெயர் பிராக்டிகல் ஷூட்டிங். ஒரு கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சிலை மாதிரி நின்று சுடும் ஒலிம்பிக் சமாசாரம் இல்லை இது. ‘பீப்’ என்று சத்தம் வந்ததும் உறையிலிருந்து உருவ வேண்டும், ஓட வேண்டும், குனிய வேண்டும், போலி ஜன்னல் வழியாக எட்டிச் சுட வேண்டும். வாங்கிய பாயிண்ட்டை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்து மார்க் போடுவார்கள். 1976 மே மாதம் அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் கூடி, ஜெஃப் கூப்பர் என்பவரைத் தலைவராகப் போட்டு, இதற்கென்று ஓர் உலக சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். துப்பாக்கிக்காரர்கள் நாலு பேர் ஒன்று கூடினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? ரூல் புக் எழுதுவார்கள்.

சாதாரண ரூல் புக் இல்லை. ‘புரொடக்‌ஷன் டிவிஷன்’ என்றால் துப்பாக்கி ஃபாக்டரியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். விசையை அழுத்த முதல் குண்டுக்கு 2.27 கிலோ கனமாவது வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு குண்டுக்கும் 1.36 கிலோ. நிஜமாகவே எடை கட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். குண்டின் எடையை கிரெய்னில் எடுத்து, அது விநாடிக்கு எத்தனை அடி போகிறது என்பதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பார்கள். 125 வராவிட்டால் நீங்கள் சுட்டது சுட்டதாகவே கணக்கில்லை. ஓடும்போது விரல் விசைமேல் இருந்தால் வீட்டுக்கு. துப்பாக்கி கைநழுவிக் கீழே விழுந்தால் வீட்டுக்கு. முனை 90 டிகிரி தாண்டித் திரும்பினால் வீட்டுக்கு. இத்தனையும் எதற்கு? எதிரே நிற்கும் ஓர் அட்டையைச் சுடுவதற்கு!

சிரிக்காதீர்கள். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கேரம் ஆடிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஸ்டிரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ரூல். ‘மாமே, உன் ஸ்டிரைக்கர் வெயிட்டா கீதே’ என்று எதிராளி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்கு ஆட்டம் அம்பேல். பக்கத்து நகைக்கடைத் தராசு வரும், பவுடர் யார் வாங்கியது என்று விசாரணை வரும், போர்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஆராய ஒரு பெருசு வருவார். உலகத்தில் இதுவரை தோற்ற எவனும் தன் கையைக் குறை சொன்னதில்லை.

சரி, எதிரே அட்டை நிற்பதற்கே இவ்வளவு என்றால், எதிரே ஆளே நின்ற காலத்தில்? அதுவும் அந்த ஆள் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்துவிட்டால்?

பதினெட்டாம் நூற்றாண்டு துரைமார்களுக்கு ஒரு வியாதி இருந்தது. மானம் என்று பெயர். ‘நீ சொல்வது பொய்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மற்றவர் உடனே கோர்ட்டுக்குப் போக மாட்டார். விடிகாலையில் ஒரு தோப்புக்குப் போவார். இரண்டு பேரும் ஆளுக்கொரு துப்பாக்கியோடு நிற்பார்கள். ஆளுக்கொரு துணையாள். பாதிப் பேருக்குத் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிக்காமலிருப்பதே பெரிய சாதனை. ஆனால் மானம் இருக்கிறதே!

இதற்கும் ரூல் புக் உண்டு. 1777-ல் அயர்லாந்தில் க்ளான்மெல் என்ற ஊரில் கூடி, ஐந்து மாவட்டத்துக் கண்ணியவான்கள் சேர்ந்து எழுதினார்கள். ஒரு காப்பியைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும், ‘ஐயையோ, எனக்குத் தெரியாதே’ என்று பிறகு யாரும் இழுக்கக் கூடாது என்பது ஏற்பாடு. துணையாட்கள் இருவரும் ஒருவர் முன்னால் ஒருவர் மருந்து கெட்டிக்க வேண்டும். அல்லது வழவழக் குழாய், ஒற்றைக் குண்டு என்று பரஸ்பரம் சத்தியம் பண்ண வேண்டும். வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு ‘முடிந்தது’ என்று கிளம்பக் கூடாது. துப்பாக்கி வெடிக்காமல் சதி செய்தால் அதுவும் ஒரு தடவை சுட்டதாகவே கணக்கு. குதிரையை, அதாவது கல்லை அடிக்கும் சுத்தியலை, இழுத்து வைக்க மறந்துபோனால் அதுவும் வெடிக்காததற்குச் சமம். இந்தக் கடைசி ரூலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். நம் கவர்னருக்குத் தேவைப்படும்.

‘வழவழக் குழாய்’ எதற்கு? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். துப்பாக்கிக் குழாய்க்குள் சுருள் சுருளாகக் காடி வெட்டினால் குண்டு பம்பரமாகச் சுழன்று நேராகப் போகும். காடி இல்லாத குழாயில் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். லண்டனில் ராபர்ட் வாக்டன் என்ற கில்லாடிக் கைவினைஞர் ஜோடி ஜோடியாகத் துப்பாக்கி செய்து, மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, உதிரிச் சிக்கிமுக்கிக் கல் எல்லாம் வைத்து, வெல்வெட் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். ஆயுதம் அற்புதமாக இருக்க வேண்டும், ஆனால் குறி மட்டும் ரொம்ப சரியாக இருக்கக் கூடாது. இரண்டு பேரும் சுட்டார்கள், இரண்டும் தவறிவிட்டது, மானம் திரும்பி வந்துவிட்டது, வாருங்கள் சாப்பிடப் போகலாம். இதற்குத்தான் அத்தனை ஏற்பாடும்.

ரூல் என்று வந்துவிட்டால் கள்ள ஆட்டமும் வந்துவிடுமே. குழாயின் அடிப்பக்கத்தில் மட்டும் ரகசியமாகக் காடி வெட்டி, வாய்ப்பக்கத்தை வழவழப்பாக விட்டுவிடுவார்கள். எட்டிப் பார்த்தால் உத்தமத் துப்பாக்கி. இன்னொரு வித்தை, தொட்டாலே வெடிக்கும் மெல்லிய விசை. 1804-ல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஏரன் பர், அலெக்சாண்டர் ஹாமில்டனைச் சுட்டுக் கொன்றாரே, அந்த ஜோடியும் வாக்டன் பட்டறைச் சரக்குதான். அதற்குள் அப்படியொரு மெல்லிய விசை ஒளிந்திருந்தது என்பது 1976-ல் நகல் செய்யப் பிரித்தபோது உறுதியானது. துப்பாக்கியைக் கொண்டுவந்தது ஹாமில்டன் தரப்பு. அவருடைய சகலையின் ஜோடி. கூடுதல் வசதியோடு போயும் செத்தது அவர்தான்.

காடி வெட்டிய துப்பாக்கி என்றதும் திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை பொங்க வேண்டும். இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் அரசாங்க ரைஃபிள் தொழிற்சாலை இருந்தது. அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்த ஒரு சைக்கிள் கம்பெனி அந்த ஊர்ப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது, பீரங்கியை முத்திரையாகப் போட்டுக்கொண்டது, ‘துப்பாக்கி போலச் செய்தது’ என்று விளம்பரமும் செய்தது. மோட்டார் சைக்கிள் செய்தபோது அதற்கு என்ன பெயர்? புல்லட். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்து அந்த புல்லட் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. ரைஃபிளில் தொடங்கிய பரம்பரை மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுக்கும் வண்டியாகி முடிந்தது.

இப்போது பந்தயத்துக்கு வருவோம். மெட்ராஸ் மேட்ச்சுக்கு முன்னால் கல்கத்தாவில் ஒரு வார்ம்-அப் நடந்தது. 1780 ஆகஸ்ட் 17, அலிப்பூர், விடிகாலை. ஒரு பக்கம் வாரன் ஹேஸ்டிங்ஸ், வங்காளத்தின் கவர்னர் ஜெனரல். எதிர்ப்பக்கம் அவருடைய கவுன்சிலிலேயே உட்கார்ந்து அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்த ஃபிலிப் ஃபிரான்சிஸ். நாட்டையே ஆளும் இரண்டு பேர். ஃபிரான்சிஸ் வாழ்நாளில் துப்பாக்கியே சுட்டதில்லை. ஹேஸ்டிங்ஸ் சீனியர், ஒன்றிரண்டு தடவை சுட்டிருக்கிறார்.

ஹேஸ்டிங்ஸின் துணையாள் கர்னல் பியர்ஸ் எல்லாவற்றையும் பொறுப்பாக எழுதி வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் முறை தெரியவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். எத்தனை எட்டு தூரம் என்ற கேள்வி வந்தது. லண்டனில் ஃபாக்ஸும் ஆடமும் அண்மையில் பதினாலு எட்டில் நின்றார்கள் என்று ஃபிரான்சிஸின் துணையாள் வாட்சன் முன்மாதிரி காட்டினார். ரொம்ப தூரமாயிற்றே என்றார் ஹேஸ்டிங்ஸ். சாவதற்கு வந்த இடத்திலும் மீட்டிங் மினிட்ஸ்!

ஃபிரான்சிஸ் குறி பார்த்தார், விசையை இழுத்தார். ‘க்ளிக்.’ அவ்வளவுதான். ஆகஸ்ட் மாதத்து வங்காளத்து ஈரம் மருந்தை நமுத்துப்போகச் செய்திருந்தது. க்ளான்மெல் சட்டப்படி அவர் சுட்டாயிற்று. இனி ஹேஸ்டிங்ஸ் நிதானமாகக் குறி பார்த்துக் கதையை முடித்திருக்கலாம். அவரோ துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார். வேறு மருந்து போடலாம் என்றால் ஃபிரான்சிஸ் தரப்பில் உபரி மருந்தே கொண்டுவரவில்லை. சரி போகட்டும் என்று ஹேஸ்டிங்ஸின் ஆள் பியர்ஸ் தன் கையிருப்பிலிருந்து கொடுத்தார். எதிரி தன்னைச் சுடுவதற்கு மருந்து சப்ளை செய்த கவர்னர் ஜெனரல் உலக சரித்திரத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இரண்டாவது முயற்சியில் ஃபிரான்சிஸின் குண்டு எங்கேயோ போயிற்று. ஹேஸ்டிங்ஸின் குண்டு அவர் வலது விலாப்பக்கம் பட்டது. ‘நான் செத்தேன்’ என்று விழுந்தார். சாகவில்லை. பிழைத்து எழுந்து, இங்கிலாந்துக்குப் போய், ஹேஸ்டிங்ஸ்மேல் பார்லிமெண்ட்டில் குற்றச்சாட்டு கிளம்புவதற்குப் பின்னால் நின்று, 1788 முதல் 1795 வரை ஏழு வருடம் விசாரணைக் கூண்டில் அவரை நிற்கவைத்தார். குண்டு இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால், அந்த விசாரணையில் ஹேஸ்டிங்ஸைக் குற்றம்சாட்டி முழங்கிய எட்மண்ட் பர்க்கின் பிரசங்கங்களில் பாதி மிச்சமாயிருக்கும்.

இனி மெயின் மேட்ச். அதன் ஆரம்பம், நம்புங்கள், ராயபுரத்தில் இருக்கிறது.

இப்ராஹிம் சாகிப் தெருவில் மாடிப் பூங்கா பார்த்திருக்கிறீர்களா? கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய பழைய மதிலின் மிச்சம். ஹைதர் அலியின் குதிரைகள் சென்னை வாசல்வரை வந்துவிட்டுப் போன பீதியில் கட்டினார்கள். காண்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. மதிலுக்கான செலவை மக்களிடம் வரியாகப் பிடுங்கலாம் என்று யோசனை. வரி கடைசிவரை வசூலாகவில்லை, அதன் பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடாக நின்றுவிட்டது. மதிலாவது உபயோகப்பட்டதா? 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து துறைமுகத்துப் பக்கத்து எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கடல் பக்கம் யாரும் மதில் கட்டியிருக்கவில்லை.

பென்ஃபீல்டு, கிழக்கிந்தியக் கம்பெனியில் சில நூறு பவுண்டு சம்பளக்காரர். ஆனால் ஆற்காட்டு நவாபுக்கும் தஞ்சாவூர்க் குடிகளுக்கும் தான் கொடுத்த கடன் மட்டும் 2,34,000 பவுண்டு என்று ஒரு நாள் பில் நீட்டினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தாராம்! தஞ்சாவூர் அறுவடை தனக்குத்தான் என்றார். கவர்னர் பிகட் பிரபு ‘முடியாது’ என்றார். கவுன்சிலில் பெரும்பான்மை, வியப்பென்ன, பென்ஃபீல்டு பக்கம். கவர்னர் கவுன்சிலர்களைச் சஸ்பெண்ட் செய்தார். கவுன்சிலர்கள் கவர்னரையே கைது செய்யச் சொன்னார்கள். அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்.

1776 ஆகஸ்ட் 24. ஸ்டூவர்ட் காலையில் பிகட்டோடு பலகாரம் சாப்பிட்டார், மதியம் விருந்து சாப்பிட்டார், சாயங்காலம் அவருடைய வண்டியிலேயே பக்கத்தில் உட்கார்ந்து காற்று வாங்கப் போனார். தீவுத்திடலில் வண்டி மறிக்கப்பட்டது. கவர்னர் கைது. அடுத்த மே மாதம் பிகட் காவலிலேயே காலமானார். ஆளைப் பிடிப்பது என்று முடிவு பண்ணிய பிறகும் இரண்டு வேளைச் சாப்பாட்டை விடாத ஸ்டூவர்ட்டின் நிதானம் இருக்கிறதே, அதை ராணுவக் கல்லூரிகளில் பாடமாகவே வைக்கலாம்.

வினை சும்மா விடுமா? 1781 ஆகஸ்டில் பொள்ளிலூர்ச் சண்டையில் ஹைதரின் பீரங்கிக் குண்டு ஸ்டூவர்ட்டின் ஒரு காலைக் கொண்டுபோயிற்று. அதே வருஷம் ஜூனில் ஒரு புது கவர்னர் வந்து இறங்கியிருந்தார்: ஜார்ஜ் மெக்கார்ட்னி பிரபு. அயர்லாந்துக்காரர். ரஷ்யாவில் தூதராக இருந்தவர், கிரெனடா தீவின் கவர்னராக இருந்து அதைப் பிரெஞ்சுக்காரர்களிடம் பறிகொடுத்தவர். லஞ்சம் வாங்காதவர், அந்தக் கோட்டையில் அது ஓர் அபூர்வ ஜந்து. சண்டை போடாத ஆள் கிடையாது என்பது இன்னொரு விசேஷம். சேனாதிபதி ஐர் கூட்டோடு சண்டை, கல்கத்தா ஹேஸ்டிங்ஸோடு சண்டை. கூட் காலமானதும் படை ஸ்டூவர்ட் கைக்கு வந்தது; சண்டையும் கூடவே அவருக்கு மாற்றலாகி வந்தது.

1783-ல் கடலூரைப் பிடிக்க ஸ்டூவர்ட்டை அனுப்பினார்கள். நூறு மைல் சொச்சத்தைக் கடக்க ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். ஒற்றைக்காலர், அதற்கு மேல் விரட்டக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது, மெக்கார்ட்னிக்குத் தோன்றவில்லை. செப்டம்பரில் அவரை டிஸ்மிஸ் செய்து, செக்ரட்டரி ஸ்டான்டனோடு சிப்பாய்களை அனுப்பி வீட்டிலேயே கைது செய்து, கப்பலேற்றி இங்கிலாந்துக்கு பார்சல் பண்ணிவிட்டார். கவர்னரைக் கைது செய்த ஜெனரலைக் கைது செய்த கவர்னர். வடசென்னை கேங் கதைகளில் இவ்வளவு சுத்தமாகக் கணக்கு நேராவதில்லை.

மெக்கார்ட்னிக்குப் பயிற்சி ஆட்டமும் கிடைத்தது. 1784-ல் மெட்ராஸிலேயே, கவுன்சில் மெம்பர் ஆண்டனி சேட்லியரோடு வாய்ச்சண்டை முற்றிக் கைத்துப்பாக்கிக்குப் போயிற்று. விலாவில் குண்டு வாங்கிக்கொண்டு கவர்னர் பிழைத்தார். ஒரு மாகாணத்தின் முதல்வரும் அவருடைய அமைச்சரும் கேபினட் தகராறை ஃபீல்டில் வைத்துத் தீர்த்துக்கொண்ட அந்த வழக்கம் நல்லவேளையாகத் தலைமைச் செயலகத்தில் தொடரவில்லை.

ஊருக்குத் திரும்பிய மெக்கார்ட்னிக்கு கவர்னர் ஜெனரல் பதவியே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இங்கிலாந்துப் பிரபுப் பட்டமும் சேர்த்துக் கொடுத்தால் வருகிறேன் என்றார். இருந்தது அயர்லாந்துப் பட்டமாம், அது போதாதாம். பதவியைக் கார்ன்வாலிஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவருக்குக் கிடைத்தது ஸ்டூவர்ட்டிடமிருந்து ஓர் அழைப்பு.

1786 ஜூன் 8. கென்சிங்டன் பக்கம் ஒரு வெளி. காலை நாலரை மணி. துணையாட்கள் கர்னல் ஃபுல்லர்டனும் கர்னல் கார்டனும் ‘பன்னிரண்டு சின்ன எட்டு’ அளந்தார்கள். சின்ன எட்டு! ஏன் சின்னது என்று கேட்டால், ஒருவருக்குக் கால் இல்லை, இன்னொருவருக்குக் கண் இல்லை. ஸ்டூவர்ட் நிற்க முடியாமல் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். மெக்கார்ட்னிக்குக் கிட்டப்பார்வை. உபகரண விதி ஒன்றே ஒன்று: ஆளுக்கு ஒரு துப்பாக்கிதான் கையில், மீதியெல்லாம் துணையாட்களிடம். இப்படி ஒரு ஜோடியிடம் இரண்டு துப்பாக்கி கொடுத்தால் துணையாட்களே தேறுவார்களா என்ற பயமாகவும் இருக்கலாம்.

ஸ்டூவர்ட்டுக்கு ஒரு சந்தேகம். பிரபுவுக்குக் கண் சரியாகத் தெரியாதே, நான் நிற்பது தெரிகிறதா என்று கேட்டார். நன்றாகவே தெரிகிறது என்றார் மெக்கார்ட்னி. சுடப்போகிறவனிடம் ‘நான் உனக்குக் கிளியரா தெரியறேனா?’ என்று கேட்கும் அக்கறை, இப்போது வீடியோ காலில் மாமனார்களிடம்தான் பார்க்க முடியும்.

துணையாட்கள் ஒதுங்கினார்கள். இருவரும் துப்பாக்கியை உயர்த்தினார்கள். அப்போது ஸ்டூவர்ட் மறுபடியும் வாயைத் திறந்தார். பிரபுவே, உங்கள் துப்பாக்கியில் குதிரையை இழுக்கவில்லை.

கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். தன்னைக் கைது செய்து, கப்பலேற்றி, பதவியைப் பறித்த மனிதன். மூன்று வருடக் கோபம். பன்னிரண்டு சின்ன எட்டுத் தூரத்தில் வெடிக்காத துப்பாக்கியோடு நிற்கிறான். விதிப்படி குதிரை இழுக்காமல் விசையை அழுத்தினால் அது அவன் சுட்ட கணக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சட்டமே ஸ்டூவர்ட் பக்கம். அதுவும் மெக்கார்ட்னியின் சொந்த நாட்டுச் சட்டம்! அவரோ எதிராளிக்கு டெக்னிக்கல் சப்போர்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பிகட்டை விருந்துச் சாப்பாட்டோடு கவிழ்த்த அதே ஆள்தான். பத்து வருஷத்தில் ஒரு காலை இழந்து மனுஷன் எவ்வளவு திருந்திவிட்டார் பாருங்கள்.

மெக்கார்ட்னி நன்றி சொன்னார். குதிரையை இழுத்தார். தயாரா? தயார். இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சுட்டார்கள். மெக்கார்ட்னிக்குத் தோளில் காயம். ஸ்டூவர்ட்டுக்கு ஒன்றுமில்லை, மரத்துக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றித் துணையாட்கள் வாய் திறக்கவில்லை.

போதும், முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள் துணையாட்கள். எனக்குத் திருப்தி இல்லை என்றார் ஸ்டூவர்ட். இன்னொரு துப்பாக்கி சுட முடியுமா என்று காயம்பட்டவரையே கேட்டார். மகிழ்ச்சியோடு முயற்சி செய்கிறேன் என்றார் அவர், ரத்தம் வழிய. முடியவே முடியாது என்று துணையாட்கள் குறுக்கே விழுந்தார்கள். அப்படியானால் இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடுகிறேன் என்றார் ஸ்டூவர்ட். இன்னொரு நாளா, அதற்கு இப்பவே முடித்துவிடலாமே என்றார் மெக்கார்ட்னி. அந்த இடத்திலேயே, நின்றபடியே, அரசாங்க உத்தியோகத்தில் செய்ததற்குச் சொந்த உடம்பில் குண்டு வாங்க வந்திருக்கிறேன் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார். குதிரையை இழுக்க மறக்கலாம், அரசியல்வாதி பேச மறப்பாரா?

துணையாட்கள் ஆளுக்கொருவரை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை.

இன்றைய பிராக்டிகல் ஷூட்டிங்கில் ஸ்டூவர்ட்டுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரத்தில் சாய்ந்து நிற்பதற்கு ஆட்சேபம் இருக்காது; தடுப்பில் சாய்ந்து சுடுவது அங்கே சகஜம். வாக்டன் துப்பாக்கியின் நீளக்குழாய் 225 மில்லிமீட்டர் பெட்டிக்குள் சத்தியமாக நுழையாது, நேராக ஓப்பன் டிவிஷன். மெக்கார்ட்னி கதி வேறு. குதிரையை இழுக்காவிட்டால் நடுவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ‘பீப்’ அடித்த பிறகு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், பிரபு துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார், மார்க் கரைந்துகொண்டே போகும். எதிராளி சொல்லிக் கொடுப்பது இந்த விளையாட்டில் கிடையாது, எதிராளி அட்டை.

துப்பாக்கி கடைசி நிமிடத்தில் காலை வாருவது பிரபுக்களுக்கு மட்டும் நேர்வதில்லை. 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த மனு பாக்கரின் துப்பாக்கியில், குதிரை இழுப்பதற்குச் சமமான வேலை செய்யும் அந்த லீவர், உடைந்துபோயிற்று. சரி செய்ய வெளியே ஓடி, திரும்பி வந்து மீதியைச் சுடுவதற்குள் நேரம் பறந்துவிட்டது. கடிகாரம் நிற்கவில்லை. 575 எடுத்தும் இறுதிச்சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. அந்தப் பெண் ஸ்டூவர்ட் மாதிரி ‘இன்னொரு நாள்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை; 2024-ல் பாரிஸ் போய் இரண்டு வெண்கலம் எடுத்து வந்தார்.

எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ இதைப் படிக்கிற ஒரு தம்பிக்கு, தானும் பெட்டியில் அடங்குகிற ஒரு துப்பாக்கி வாங்கி ஓடிப் பார்க்கலாமே என்று கை ஊறலாம். கொஞ்சம் பொறு ராஜா. உலகத்தில் பிராக்டிகல் ஷூட்டர்கள் பிடித்துக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் 9 எம்எம். அது நம் ஆயுதச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட போர்; சாதாரண லைசென்ஸுக்குக் கிடைக்காது. லைசென்ஸ் வாங்குவதற்கு நீ ஏறி இறங்க வேண்டிய மாடிகளைக் கணக்குப் போட்டால் அதுவே தனி ஒலிம்பிக்ஸ். ஆனால் ஏர் பிஸ்டல் உண்டு. அதற்கும் பெட்டி உண்டு: 420, 200, 50 மில்லிமீட்டர். விசைக்கு 500 கிராமுக்குக் குறையாத கனம். தராசு இங்கேயும் உன்னை விடாது.

தோள் ஆறியதும் மெக்கார்ட்னி சும்மா இருந்தாரா? 1793-ல் இங்கிலாந்தின் முதல் தூதராகச் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தார். சக்ரவர்த்தி சியென்லுங் முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட வேண்டும் என்றார்கள். ஒரு முழங்காலைத்தான் மடக்குவேன் என்று அங்கேயும் எட்டு அளந்தார். பரிசாகக் கடிகாரம், கிரகங்கள் சுற்றும் யந்திரம் எல்லாவற்றோடும் அருமையான சிறு பீரங்கிகள் சிலவற்றையும் கொண்டுபோயிருந்தார். எங்கள் சிப்பாய்கள் சுட்டுக் காட்டட்டுமா என்று ஆசையோடு கேட்டதற்கு, இதிலெல்லாம் புதிதாக என்ன இருக்கிறது என்று ஒரு சீனத் தளபதி கையை உதறிவிட்டார். 1860-ல் ஆங்கிலப் படை சீனச் சக்ரவர்த்தியின் கோடை அரண்மனையைச் சூறையாடப் புகுந்தபோது பார்த்தால், மெக்கார்ட்னியின் பீரங்கிகள் கொடுத்தது கொடுத்தபடி, குண்டுகளோடு, ஒரு தடவைகூடச் சுடாமல் உட்கார்ந்திருந்தன. க்ளான்மெல் சட்டப்படி பார்த்தால் அதுவும் அவர் சுட்ட கணக்குதான்.